பெரியம்மாவின் கால்விரல்கள்

ஜனவரி 9

பெரியம்மாவுக்கு இடது புருவம் முடிந்தது. வலது நாளைக்கு. இரண்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருந்தா பொம்மையாயிடும். உங்க புருவத்தையே கண்ணாடில பாருங்க." பார்த்தேன். என்னுடையதும் ஒன்று மேலே, ஒன்று கீழே. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெரியம்மா என்பது சிற்பப் பட்டறையில் இந்தச் சிலைக்கு நாங்கள் வைத்த பெயர். இதைச் செய்கிற சிற்பி மேடம் வைத்தது 'காத்திருப்பு'. ஆஸ்பத்திரி வராந்தாவில் போடுகிற நாலு இருக்கை பெஞ்சில், நடு இருக்கை இரண்டையும் அடைத்துக்கொண்டு ஓர் உயிர் உட்கார்ந்திருக்கிறது. பன்றியா, கடல்நாயா, மனுஷியா என்று கேட்டால் மேடம் 'ஆமாம்' என்பார். மனிதர்களுக்குப் பொருத்த உறுப்புகள் வேண்டும் என்று மரபணுவை மாற்றி வளர்த்த உயிர், அதுதான் அவருடைய கற்பனை. முதுகில் இரண்டு வரிசையாக மேடுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் யாருக்கோ ஒரு சிறுநீரகம். கையில் டோக்கன். தன் முறை வரட்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முகத்தைப் பார்த்தால் 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிடும் போல இருக்கும், அதனால்தான் பெரியம்மா.

என் வேலை முடி நடுவது. சிலிக்கோன் தோலில் ஒரு முடிக்கு ஒரு குத்து. தலையில் அதிகம் இல்லை, நல்லவேளை. ஆனால் முதுகு முழுக்கப் பூனைமுடி வேண்டுமாம். தலைக்கு மேல் வேலை.

ஜனவரி 10

கழுத்து பிடித்துக்கொண்டது. வலது புருவம் பாதியில் நிற்கிறது. ஒருபக்கம் ஆச்சரியப்படுகிற மாதிரி என்னையே பார்க்கிறாள்.

ஜனவரி 18, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் மதியம் வந்தார்கள். சாப்பிடும் வரை ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவப் போனவளை உட்கார வைத்து, மகள்தான் ஆரம்பித்தாள்.

"மூணு கரு தேறிச்சும்மா. மரபணு டெஸ்ட் ரிசல்ட்டும் வந்துடுச்சு. ரெண்டுல நம்ம ஒட்டு இருக்கு. ஒண்ணுல இல்ல. அந்த ஒண்ணைத்தான் வைக்கப் போறோம்."

நான்கு வருஷமாகக் குழந்தைக்காக அலைகிறார்கள். ஐ.வி.எஃப் செய்யப் போவது எனக்குத் தெரியும். ஒட்டு விஷயத்தையும் சோதிக்கப் போகிறார்கள் என்பதுதான் தெரியாது.

ஒட்டு என்றால் எங்கள் குடும்பத்து விரல். இரண்டு கையிலும் நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டியே பிறக்கும். காலில் இரண்டாவதும் மூன்றாவதும். அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருந்தது, இவளுக்கும் வந்தது. கால்விரல் யாருக்கும் தொந்தரவில்லை, அப்படியே விட்டுவிடுவோம். கைவிரலை வெட்டிப் பிரிக்க வேண்டும். எனக்கு மூன்று முறை வெட்டினார்கள். இவளுக்கு இரண்டு.

வீட்டுக்காரர் "நல்லதும்மா, நல்லபடியா நடக்கட்டும்" என்றார். அதைத்தான் நானும் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"மத்த ரெண்டு?"

"ஃப்ரீசர்ல இருக்கும். அப்புறம் யோசிக்கணும்" என்றார் மாப்பிள்ளை. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, கட்டுப் பிரிச்ச நாளை நான் இன்னும் மறக்கல. என் குழந்தைக்கு அது வேண்டாம்னு நினைக்கறேன். தப்பா?"

தப்பில்லை என்றேன். தட்டுகளைக் கழுவினேன். கழுவினதையே இன்னொரு தரம் கழுவினேன்.

ஜனவரி 19

தப்பில்லைதான். எனக்கு மட்டும் என்ன, பேரப்பிள்ளை அழுவதைப் பார்க்க ஆசையா?

ஆனால் அந்த ரெண்டும் நான்தானே. அந்தக் காலத்தில் இப்படி ஒரு வசதி இருந்து, எங்க அம்மாவும் மூணைத் தட்டில் வைத்துப் பார்த்திருந்தால் — நான் எந்தப் பக்கம் போயிருப்பேன்? ஃப்ரீசருக்குத்தான். இவளும்தான். அது இவளுக்குத் தோணவே இல்லையா? தோணிச்சோ என்னவோ. கேட்க முடியுமா? கேட்டால் சண்டை.

எனக்கு விரலிடுக்கில் வைத்துத் தைக்கத் தொடையிடுக்கிலிருந்து தோல் எடுத்தார்கள். வயசுக்கு வந்தபோது அந்தத் தோலில் முடி முளைத்தது. விரலுக்கு நடுவில்! அம்மா பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் சிரித்துவிட்டு, "தோலுக்கு எங்க இருக்கோம்னு தெரியாதும்மா" என்றார். இன்றைக்கும் ரெண்டு மூணு முளைக்கும். பட்டறை இடுக்கியாலேயே பிடுங்கிவிடுவேன். பெரியம்மாவுக்கு நட்டுவிட்டு எனக்குப் பிடுங்குவது.

இதையெல்லாம் அவளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லித்தான் வளர்த்தேன். அவள் அதில் வலியை மட்டும் எடுத்துக்கொண்டாளா?

பிப்ரவரி 3

பெரியம்மாவுக்குக் கால் வேண்டும். உடம்பு முழுக்க மேடம் களிமண்ணில் பிடித்ததுதான். கால் மட்டும் உண்மையான மனுஷக் காலிலிருந்து அச்செடுக்க வேண்டும் என்பது முதலிலிருந்தே அவர் திட்டம். நின்று நின்று களைத்த நடுவயசுக்காரி கால். வருவதாகச் சொன்ன அம்மாள் வரவில்லை. பசையைக் கலக்கத் தண்ணீர் வரை சூடாக்கி வைத்தாயிற்று. மேடம் பட்டறையைச் சுற்றும் முற்றும் பார்த்து, கடைசியில் என் காலைப் பார்த்தார்.

ஷூவைக் கழற்றினேன். பல் டாக்டர்கள் அளவெடுக்கும் அதே பசை, அதன் மேல் மாவுக்கட்டுத் துணி. மேடமே குனிந்து தடவினார். விரல் பக்கம் வந்ததும் கை நின்றது.

"இது..."

"பிறவியிலேயே மேடம்."

"ஓ" என்று தடவிக்கொண்டே போனார். அவருக்கும் எனக்கும் இத்தனை வருஷப் பழக்கம். காலைப் பார்க்கிற சந்தர்ப்பம் இப்போதுதான் வந்தது.

பிப்ரவரி 4

வாசலின் தடவ மறந்த இடத்தில் எல்லாம் கால்முடி மாவுக்கட்டோடு போய்விட்டது. காசு கொடுக்காமல் பார்லர்.

பிப்ரவரி 20

இன்று நான் செய்தது எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அச்சைப் பிரிப்பதும் வார்ப்பைச் சுத்தம் செய்வதும் கோந்துவின் வேலை. கையில் எப்போதும் ஏதாவது ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர், சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். மைத்துனர் வீடு மாறுகிறார் என்று லீவில் போயிருந்தார். கால் அச்செடுத்தபோது அவர் இல்லை. யார் கால் என்றும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் நான் உள்ளே நுழையும்போதே சந்தோஷமாகக் கூப்பிட்டார். "அக்கா, கால் ரெடி. நான் இல்லாம அச்சு எடுத்திருக்காங்க, லட்சணம் தெரியுது. ரெண்டு காலுலயும் விரல் ஒட்டிக்கிட்டு வந்திருந்தது. பிசிறெல்லாம் எடுத்து நீட்டாப் பிரிச்சு விட்டுட்டேன்."

மேஜை மேல் என் கால்கள். வெடிப்பு, காய்ப்பு, சுண்டுவிரலில் ஷூ கடித்த தழும்பு எல்லாம் அப்படியே இருந்தன. இரண்டாவது விரலுக்கும் மூன்றாவது விரலுக்கும் நடுவே மட்டும் நேராக ஒரு வெட்டு. ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாகக்கூட ஆக்கியிருந்தார். வேலை சுத்தம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"யாரைக் கேட்டு வெட்டினே?"

ஒருமையில் கேட்டேன். இத்தனை காலமும் 'நீங்க, வாங்க'தான்.

"பிசிறுக்கா அது..."

"எது பிசிறு? யாரைப் பாத்துப் பிசிறுங்கறே? கையில கத்தி இருந்தா கண்ணுல பட்டதையெல்லாம் வெட்டிடுவியா? ஒட்டியிருந்தா உனக்கு என்ன கஷ்டம்? உன்னை என்ன பண்ணிச்சு அது?"

பட்டறையே நின்றுவிட்டது. நான் ஷூவைக் கழற்றி, உறையையும் உருவி, மேஜை மேலேயே காலைத் தூக்கி வைத்தேன். இந்த வயசில். முழங்கால் சடக்கென்றது. கோந்து என் காலைப் பார்த்தார், வார்ப்பைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றார்.

எப்படித் தெரியும்? நியாயம்தானே. நான் யாரைத் திட்டினேன் என்று எனக்குத் தெரியும். அவள் அங்கே இல்லை.

பிப்ரவரி 21

கோந்து டீ கொண்டுவந்து, கடிக்கிற நாய்க்கு வைப்பது போல எட்டத்தில் வைத்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, நானும் ஆளைக் கேட்டுட்டு வெட்டியிருக்கணும்" என்றார். 'நீ, வா' என்றே இனிமேலும் கூப்பிடலாமாம், அதுதான் நன்றாக இருக்கிறதாம்.

மேடத்தோடு பேசியதுதான் பெரிய விஷயம். வெட்டினதே இருக்கட்டும் என்றார்.

"கோபப்படாதீங்க. யோசிச்சுப் பாருங்க. தலைலேருந்து இடுப்பு வரைக்கும் எல்லாத்தையும் நான் மாத்தியிருக்கேன். பாக்கறவங்க பயந்துக்கிட்டே கண்ணைக் கீழ இறக்கிக் காலுக்கு வரணும். வந்ததும், அடப்பாவமே, இது நம்மாளுன்னு தோணணும். அதுக்குத்தான் கால். விரல் ஒட்டியிருந்தா அதையும் நான் மாத்தினதுன்னுதான் நினைப்பாங்க."

"ஆனா அது மனுஷக் கால்தானே மேடம்."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

 அவர் சொன்னதில் ஒன்றும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, இப்போதும் முடியவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் காலைக் கொடுத்தது முழுசாத்தான். வேண்டாம்னா வேற யார் காலையாவது எடுத்துக்கோங்க. வெட்டி வைக்காதீங்க."

சம்பளம் வாங்குகிற இடத்தில் நான் இப்படிப் பேசியதே இல்லை. மேடம் பெரியம்மாவை ஒரு சுற்று சுற்றி வந்தார். காலில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பாவம். அப்புறம் கோந்துவிடம், "அச்சு நல்லாத்தானே இருக்கு? மறுபடி வார்த்து எடுங்க. வந்ததை வந்தபடி விடுங்க" என்றார்.

மார்ச் 12

இன்று மகளுக்குக் கரு வைத்தார்கள். வீட்டுக்காரர் கூடப் போனார். வேலை இருக்கிறது என்று நான் போகவில்லை. வேலை இருந்தது. லீவு கேட்டிருந்தால் கொடுத்தும் இருப்பார்கள்.

மார்ச் 26

தங்கவில்லை.

மாப்பிள்ளை செய்தி அனுப்பியிருந்தார், ஒரே வரி. படித்ததும் — ஒரு நொடிதான், ஒரே ஒரு நொடி — இனி அந்த ரெண்டுதானே இருக்கு என்று உள்ளே ஏதோ எழுந்து உட்கார்ந்தது. அப்புறம்தான் என் பெண் அழுதுகொண்டிருப்பாள் என்று நினைவு வந்தது. வரிசை மாறி வந்தது. எழுதவே கூசுகிறது.

மார்ச் 29, ஞாயிறு

சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் சுருண்டு கிடந்தாள். ஊசி போட்ட இடமெல்லாம் வயிற்றில் நீலம் பாரித்திருந்தது. இரண்டு வாய் குடித்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சொல்லும்மா. உள்ளுக்குள்ள உனக்குக் கொஞ்சம் நிம்மதிதானே?"

உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதமாகிவிட்டது. அவள் என் வயிற்றில் பிறந்தவள், அது போதுமே அவளுக்கு.

"எனக்குத் தெரியும். உன் கையை நியாயப்படுத்த உனக்கு ஒரு பேரக்குழந்தை வேணும்."

"என் கையை எதுக்குடி நியாயப்படுத்தணும்? என் கை என்ன தப்பு பண்ணிச்சு?"

"தப்பு பண்ணலம்மா, வலிச்சுது. எனக்கு வலிச்சுது. நீ எல்லாத்தையும் கதையாச் சொல்லிச் சொல்லி அதை மறந்தே போயிட்ட. நான் மறக்கல."

மாப்பிள்ளை பால்கனியில் போய் நின்றுகொண்டார். நான் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் 30

மறக்கவில்லை. கட்டுப் பிரிக்கும்போது அவள் காலைப் பிடித்துக்கொண்டது யார்? நான்தானே. உதைத்த உதையில் என் தாடை வீங்கி, ஒரு வாரம் ஒரு பக்கமாகவே சாப்பிட்டேன். அதையும் சிரிப்புக் கதையாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? அவள் சொன்னது பாதி சரி. எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 22

கால் பொருத்தியாயிற்று. நரம்புக்குப் பச்சை, கணுக்காலுக்குக் கொஞ்சம் ஊதா, குதிகாலுக்கு மஞ்சள். ஒட்டின விரல்களுக்கு நடுவே லேசாகச் சிவப்பு வேண்டும், வியர்த்தால் அப்படித்தான் இருக்கும். மேடத்திடம் சொன்னேன், வைத்தார். கோந்து நகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்திலேயே நிற்கிறார். "நகம் ஒட்டலாமாக்கா? இல்ல இதுலயும் ஏதாவது குடும்ப வழக்கம் இருக்கா?"

ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

மே 5

மகளிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை. வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் போய் வந்து, பேப்பர் போடுகிறவர் மாதிரி செய்தி போடுகிறார், பெரியம்மாவுக்கு வைத்திருப்பது என் கால் என்பது உட்பட. "சாப்பிடறா. வேலைக்குப் போறா. டாக்டர் இன்னொரு சுற்று ஊசி போட்டுப் புதுசா கரு எடுக்கலாங்கறாராம். முடிவு பண்ணல." அந்த ரெண்டைப் பற்றிக் கேட்டேனா என்றால் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மே 19

முதுகு முடிந்தது! நட்ட முடியை எண்ணச் சொன்னால் அடிப்பேன்.

ஜூன் 6

காட்சிக்கூடத்தில் முதல் நாள். நல்ல கூட்டம். பெரியம்மாவை அந்த வெளிச்சத்தில் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூச்சு விடுகிறாள் போல. டோக்கனைப் பிடித்திருக்கிற விரலில் ஒரு சின்ன இறுக்கம், எப்போது கூப்பிடுவார்களோ என்கிற மாதிரி. பெஞ்சின் இரண்டு ஓரமும் காலி. விருப்பமிருந்தால் உட்காரலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஜனங்கள் சுற்றி நின்றார்களே தவிர யாரும் உட்காரவில்லை.

நான் இடது ஓரத்தில் உட்கார்ந்தேன். கால் வலித்தது, அவ்வளவுதான் காரணம்.

கொஞ்ச நேரத்தில் வலது ஓரத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பெரியம்மாவின் உடம்பு மறைத்ததால் முகம் தெரியவில்லை. கைப்பை தெரிந்தது. நான் வாங்கிக் கொடுத்த பை. திரும்பிப் பார்த்தால், தூண் பக்கத்தில் வீட்டுக்காரர் கூரையை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். அவர் வேலைதான்.

அப்போதுதான் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கணவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லுகிற குணம். முகத்துக்கு ஒரு விளக்கம், முதுகுக்கு ஒரு விளக்கம். அப்புறம் குனிந்தார். "இங்க பாரு, காலைப் பாரு. விரல் ஒட்டியிருக்கு பாத்தியா? தவளை ஜீன் கலந்திருக்குன்னு காட்டறாங்க. மேல எல்லாம் ஓரளவு மனுஷி மாதிரி இருக்கு. இந்த இடத்துலதான் மனுஷத்தனம் போயிடுது."

மேடம் சொன்னது சொன்னபடி நடந்தது. எதிர்ப்பக்கம் நின்றிருந்த மேடம் என்னைப் பார்த்தார். நான் ஷூவுக்குள் விரலை மடக்கிக்கொண்டேன். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

"அது எங்க அம்மா கால்."

மகள் குரல். உரக்க எல்லாம் இல்லை, பஸ்ஸில் 'இந்த சீட்டுக்கு ஆள் இருக்கு' என்று சொல்கிற மாதிரி.

"சாரி?" என்றார் அவர்.

"இந்த உருவத்துல மாத்தாம வச்சிருக்கறது இந்தக் கால் ஒண்ணுதான். மனுஷங்க கால். எங்க அம்மாவோடது." செருப்பைக் கழற்றினாள். தன் காலைப் பெரியம்மா கால் பக்கத்தில் நீட்டி வைத்தாள். அதே இரண்டாவது, அதே மூன்றாவது. "என்னோடதும் இதான். தவளை எல்லாம் எங்க வீட்டுல இல்ல."

அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. மனைவி அவர் முழங்கையைக் கிள்ளியது எனக்கே தெரிந்தது. "அழகாத்தாம்மா இருக்கு" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம், நடுவில் பெரியம்மா. முகம் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது.

"இன்னொரு தடவை அந்த ஊசியெல்லாம் போட்டுக்க என்னால முடியாதும்மா."

"சரி."

"அந்த ரெண்டு இருக்கு."

"தெரியும்."

"நீ என்ன சொல்ற?"

ஐந்து மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பதிலையும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், முடி நடும்போதெல்லாம். கேட்டதும் ஒன்று கூட வரவில்லை.

"வலிக்கும் குட்டி" என்றேன். "அது நிச்சயம். அது ஒண்ணும் கதை இல்ல, எனக்கும் ஞாபகம் இருக்கு. வேண்டாம்னு வச்சாலும் நான் உன் பக்கம்தான்."

 பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு கை நீண்டு வந்தது. பிடித்துக்கொண்டேன். இரண்டு கையிலும் தையல் தழும்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முதுகு முடி கலையாமல் கையை எடுக்கும்படி சொன்னேன். நட்டவளுக்குத்தானே கவலை.

ஜூலை 21

அந்த இரண்டில் ஒன்றை இன்று வைத்தார்கள். இந்த முறை நான்தான் கூடப் போனேன். வராந்தாவில் நாலு இருக்கை பெஞ்ச். என் பக்கத்தில் இரண்டு இடம் காலியாக இருந்தது.

ஆகஸ்ட் 5

தங்கியிருக்கிறது.

ஏப்ரல் 9

புது நோட்டு வாங்கவில்லை, போன வருஷத்து நோட்டிலேயே பக்கம் மீதி இருக்கிறது.

பேத்தி. நேற்றுக் காலை. துணியை விலக்கிக் காட்டினார்கள். நடுவிரலும் மோதிரவிரலும் நுனி வரைக்கும் ஒன்றாக, இரண்டு கையிலும். நகம் மட்டும் தனித்தனி. இத்தனை சின்னதாக இதைப் பார்த்து எத்தனை வருஷம்.

எங்களாள் என்று நெஞ்சு நிறைந்தது உண்மை. அடுத்த நிமிஷமே, ஐயோ, இவளை வெட்டுவார்களே என்று பதறியதும் உண்மை. என் கையில் இருந்தால் அந்த நிமிஷமே அந்த விரலைப் பிரித்து எடுத்திருப்பேன். அவளுக்கு வலிக்காமல், யாருக்கும் தெரியாமல். போன வருஷம் ஜனவரியில் நான் பேசின பேச்சென்ன, இது என்ன?

இதைத்தான் மகள் அன்றைக்கே சொன்னாள். தட்டைக் கழுவிக்கொண்டு நான்தான் காது கொடுக்கவில்லை. இன்று அவளிடம் சொல்லிவிட்டேன். "ம்" என்றாள். பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மே 2

கோந்து குழந்தையைப் பார்க்க வந்தார். கையை நன்றாகக் கழுவிவிட்டு, துடைத்துவிட்டு, பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். குழந்தை கையைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பி, "அக்கா, நான் ஒண்ணும் தொடல" என்றார்.

மகளுக்குக் கதை தெரியாது. சொன்னோம். பிரசவத் தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று கெஞ்சினாள்.

ஏப்ரல் 18

கிட்டத்தட்ட ஒரு வருஷமாக எழுதவில்லை. பேத்தி பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கிடைத்ததை எல்லாம் வாரிப் பிடிக்கிறாள், ஒட்டின விரல் அவளுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. ஆனால் நடுவிரல் கொஞ்சம் வளைய ஆரம்பித்திருக்கிறது, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக் காலை வலது கை. இடது கை ஆறு மாதம் கழித்து.

போன வாரம் மகள் கேட்டாள். "வெட்டறதுக்கு முன்னாடி ஒரு அச்சு எடுத்து வையேம்மா. பெரியவளானா கேப்பா. என் கை எப்படி இருந்ததுன்னு எனக்குக் காட்ட ஒண்ணுமே இல்ல."

எனக்கும்தான் இல்லை. இத்தனை வருஷம் ஊரார் தோலையெல்லாம் அச்சில் பார்த்தவளுக்கு அது தோன்றவில்லை.

இன்று கோந்து பசை வாளியோடு வீட்டுக்கே வந்தார். தண்ணீரை என் முழங்கையில் ஊற்றிப் பார்த்து, வெதுவெதுப்பாகக் கலந்தேன். மகள் மடியில் வைத்துக்கொண்டாள், மாப்பிள்ளை கிலுகிலுப்பை ஆட்டினார், வீட்டுக்காரர் பூனை மாதிரி கத்தினார். பேத்தி கையை உள்ளே விட்டுவிட்டு, இது என்ன என்று என்னையே பார்த்தாள். பசை இறுகும் வரை அப்படியே இருந்தது ஆச்சரியம். வெளியே எடுத்ததும்தான் அழுதாள், இன்னும் வேண்டுமாம்.

சாயங்காலம் கோந்து அச்சைப் பிரித்து வார்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். சுத்தம் பண்ணவில்லை. "எது பிசிறு, எது விரல்னு நீயே பாத்துக்கோக்கா" என்று கத்தியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். மணிக்கட்டில் இருந்த பிசிறை மட்டும் எடுத்தேன். விரல் பக்கம் போகவில்லை.

கட்டுப் பிரிக்கிற அன்றைக்குக் காலைப் பிடித்துக்கொள்ள யார் என்று ஒரு சின்ன வாக்குவாதம். "நான் பிடிச்சுக்கறேம்மா, நீ வெளிய இரு. உன் தாடை தாங்காது" என்றாள் மகள். முடியாது என்றேன். கடைசியில் ஆளுக்கு ஒரு கால் என்று முடிவாயிற்று.

கால்விரலை யாரும் தொடப்போவதில்லை. வார்ப்பு ஜன்னலோரம் காய்கிறது. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.